தடத்தைப் பார்த்துவிட்டுப் பேசு

ஏப்ரல் பிறந்தால் உலக டென்னிஸ் செம்மண்ணுக்குக் குடிபோகும். மான்டி கார்லோ, பார்சிலோனா, மாட்ரிட், ரோம் என்று நகர்ந்து பாரிஸின் ரோலண்ட் காரோஸில் போய் முடியும். அதே நாட்களில் எங்கள் சித்தூர் பக்கத்து மாந்தோப்புகளில் காய் முற்றிக்கொண்டிருக்கும். திருப்பதியில் காலை பத்து மணிக்கே தார்ச்சாலையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் ஆட்டத்தை நான் மீட்டெடுத்தது இந்த வெயிலில், இந்த இரண்டு ஊர்களின் மண் கோர்ட்டுகளில்தான். சின்னப் பரிசுத்தொகைப் போட்டிகளில் ஆடிக் காலம் தள்ளியவன் நான். இப்போது திருப்பதியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காயம் பட்டோ, வரிசையாகத் தோற்றோ, "கை வரமாட்டேங்குது சார்" என்று வந்து நிற்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் நான் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். தன்னம்பிக்கை வந்த பிறகு நன்றாக ஆடிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தால் சீசன் முடிந்துவிடும். நம்பிக்கைக்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தைக் கண்ணெதிரே எழுதிக் காட்டும் தளம் மண்.

மண்ணில் என்ன நடக்கிறது

பந்து விழும்போது மேலே தளர்ந்து கிடக்கும் துகள்கள் அதைப் பிடித்து இழுக்கின்றன. முன்னோக்கிப் பாயும் வேகம் குறைகிறது. எழும்பும் உயரம் கூடுகிறது. ரோலண்ட் காரோஸில் மேலே நாம் பார்க்கும் சிவப்பு, ஓரிரு மில்லிமீட்டர் செங்கல் தூள்தான். அதற்கடியில் சுண்ணாம்புக்கல், இன்னும் கீழே சரளை என்று அடுக்கடுக்காகப் போகும். நம் ஊர்க் கோர்ட்டில் அவ்வளவு ஏற்பாடு இல்லை. சலித்த செம்மண், தண்ணீர், உருளை, ஓரத்தில் ஒரு சுண்ணாம்பு வாளி, அவ்வளவுதான். ஆனால் பந்தின் குணம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே.

இதனால் ஆட்டக்காரனுக்கு ஒரு வரவும் ஒரு செலவும் உண்டு. பந்தைப் போய்ச் சேரக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் ஹார்ட் கோர்ட்டில் புள்ளியை முடித்துவைக்கும் அடி இங்கே திரும்பி வரும். இன்னொன்று அடி, மறுபடியும் இன்னொன்று அடி என்று கேட்கும். ஃபார்ம் இழந்தவனின் முதல் வியாதி அவசரம். நீண்ட ரேலியில் தன் குறை வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில் மூன்றாவது பந்திலேயே கோட்டை நோக்கி வீசுவான். மண் அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்காது. அதனால்தான் இழந்ததைத் திரும்பக் கட்ட இதைவிட நல்ல இடம் இல்லை என்கிறேன்.

நம் நாட்டில் நடக்கும், ஆண்கள் தொழில்முறை டென்னிஸின் இரண்டாம் அடுக்கான ஏடிபி சேலஞ்சர் போட்டிகள் பெரும்பாலும் ஹார்ட் கோர்ட்டில்தான். மண் நமக்கு ஆகாது என்ற பேச்சும் அதனால் பரவிவிட்டது. ஆனால் அண்மைக் காலத்தில் இந்தியர்கள் ஒற்றையரில் மீண்டெழுந்த கதைகளைப் பாருங்கள். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்காலில் ஏற்பட்ட அழுத்த முறிவுகளால் இருபதுகளின் நல்ல ஆண்டுகளை இழந்தவர். அவர் முதல் சேலஞ்சர் பட்டம் வென்றது 2018 ஏப்ரலில், சீனாவின் ஆன்னிங் நகரத்து மண் தளத்தில். ஓராண்டு கழித்து, 2019 ஏப்ரலில், உலக வரிசையில் 75ஆம் இடத்தில் இருந்தார்.

ஹரியானாவின் ஜஜ்ஜரைச் சேர்ந்த சுமித் நாகலின் கதை இன்னும் நேரடியானது. 2021இல் இடுப்பில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு தரவரிசையில் ஐந்நூறுக்கும் கீழே போனார். 2023இல் ரோம் சேலஞ்சரையும், பின்லாந்தின் தாம்பரே சேலஞ்சரையும் வென்றார், இரண்டும் மண். 2024 ஏப்ரலில் தகுதிச் சுற்று ஆடி மான்டி கார்லோ பிரதான சுற்றுக்குள் நுழைந்தார். 1982இல் ரமேஷ் கிருஷ்ணன் ஆடிய பிறகு அங்கே ஒற்றையர் பிரதான சுற்றில் கால்வைத்த முதல் இந்தியர் அவர்தான். முதல் சுற்றில் இத்தாலியின் மட்டேயோ அர்னால்டியிடம் முதல் செட்டை 5-7 என்று விட்டார். அடுத்த இரண்டையும் 6-2, 6-4 என்று எடுத்தார். அந்த ஜூனில் ஜெர்மனியின் ஹைல்பிரானில் இன்னொரு மண் பட்டம். ஜூலையில் உலக வரிசையில் 68. நாகல் உயரமானவரல்ல, சர்வீஸை நம்பிப் பிழைப்பவரும் அல்ல. கால், பொறுமை, ஃபோர்ஹேண்ட் இந்த மூன்றுதான் முதலீடு. நம் உடல்வாகுக்கு இவரைப் பார்த்துப் படிப்பது பலன் தரும்.

பெருக்குவதற்கு முன் ஒரு நடை

பயிற்சி முடிந்ததும் சாக்கையோ பிரஷ்ஷையோ இழுத்துத் தளத்தைச் சமப்படுத்திவிட்டுக் கிளம்புவது வழக்கம். என்னிடம் ஆடுகிறவர்கள் அதற்கு முன் வலையைச் சுற்றிப் போய் எதிர்ப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். தாங்கள் அடித்த பந்துகள் விழுந்த தடங்கள் அங்கே கிடக்கும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சித்தூரில் கோர்ட்டைப் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர். பாதி தமிழ், பாதி தெலுங்கில் பேசுவார். ஒருநாள் நான் ரொம்பத் திருப்தியோடு வெளியே வந்தபோது சுண்ணாம்பு வாளியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "நல்லா அடிச்சேன்னு சொல்றியே நைனா, பந்தெல்லாம் நடுவுலதானே விழுந்து கெடக்கு?" போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

கணக்கு எளிது. வலையிலிருந்து சர்வீஸ் கோடு 21 அடி. பேஸ்லைன் 39 அடி. இடையில் இருப்பது 18 அடி. அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பேஸ்லைனை ஒட்டிய ஆறடிக்குள் விழுந்தால் ஆழமான பந்து. எதிராளி பின்னால்தான் நிற்பான். நடு ஆறடி சுமார். சர்வீஸ் கோட்டை ஒட்டியும் அதற்கு முன்னாலும் விழுந்தவை, உள்ளே வந்து அடித்துக்கொள் என்று நாமே கொடுத்த அழைப்பு. ஃபார்ம் இல்லாதபோது பந்து வெளியே போகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தடத்தைப் பார்த்தால் கதை வேறு. வெளியே போய்விடுமோ என்று கை இறுகி, பந்து குட்டையாக விழுந்துகொண்டிருக்கும். தோல்வி அங்கிருந்துதான் வருகிறது.

தடத்தின் வடிவமும் பேசும். மேலிருந்து சரிவாக இறங்கிய டாப்ஸ்பின் பந்து உருண்டைக்குக் கிட்டத்தில் தடம் விடும். தட்டையாக வந்த பந்து நீளமாக இழுத்துவிட்டுப் போகும். சுழற்சி குறைந்துவிட்டதா என்று கேமரா வைத்துப் பார்க்க வசதி இல்லாதவர்களுக்கு இது இலவசச் சோதனை. வாரம் ஒருநாள் தடங்களை எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஆழம் எத்தனை, நடு எத்தனை, குட்டை எத்தனை. அந்த எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்ப்பதுதான் நான் சொல்லும் நம்பிக்கை. "நீ நல்லா ஆடுற" என்று கோச் சொல்வதைவிட இது உறுதியானது.

எங்கள் ஊர்ப்பக்கம் காணிப்பாக்கம் பிள்ளையார் சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிவு வராது. கோர்ட்டில் பந்துத் தடத்துக்கு நான் கொடுக்கும் இடம் அதுதான். அதன் முன் நம் மனசுக்குச் சாதகமாகப் பேச முடியாது.

போட்டியில் தடத்தை வைத்துச் சண்டை வரும். நடுவர் இல்லாத ஜூனியர் ஆட்டங்களில் தினமும் வரும். உங்கள் பக்கத்தில் விழுந்த தடத்தை நீங்கள் காட்டலாம்; கூப்பிடாமல் எதிர்ப் பக்கம் போகக் கூடாது. புள்ளியை முடித்த பந்துக்கோ, நீங்கள் ஆட்டத்தை அந்த நொடியே நிறுத்திய பந்துக்கோதான் தடம் பார்க்கக் கேட்கலாம். அடித்துப் பார்த்துவிட்டு, வலையில் போன பிறகு, "முந்தினது அவுட்" என்று சொல்லக் கூடாது. 2025இல் ஏடிபி போட்டிகள் மண்ணிலும் மின்னணு முறைக்கு மாறின. அந்த ஏப்ரலில் மாட்ரிட்டில் அலெக்சாண்டர் ஸ்வெரெவ் இயந்திரத்தின் முடிவை ஏற்காமல் தடத்தைக் கைபேசியில் படமெடுத்து எச்சரிக்கை வாங்கினார். ரோலண்ட் காரோஸ் அந்த ஆண்டும் கோட்டு நடுவர்களையே வைத்திருந்தது. யார் சொல்வது சரி என்பது வேறு விவாதம். ஃபார்மைத் தேடிக்கொண்டிருப்பவர் அதில் இழுபட வேண்டாம். ஒருமுறை கேளுங்கள், முடிவை வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பி நடங்கள்.

குறுக்கே அடிப்பதில் கூச்சம் வேண்டாம்

தைரியம் குறைந்திருக்கும்போது எந்தப் பக்கம் அடிப்பது என்ற கேள்விக்குத் தளத்தின் அளவே பதில் சொல்லும். கோர்ட்டின் நீளம் 78 அடி, ஒற்றையர் அகலம் 27 அடி. மூலைவிட்டமாகப் பார்த்தால் எண்பத்திரண்டரை அடி. குறுக்கே அடிக்கும்போது நான்கரை அடி கூடுதல் நீளம் கிடைக்கிறது. வலை நடுவில் 3 அடி, கம்பத்தருகே மூன்றரை அடி. குறுக்கே போகும் பந்து தாழ்ந்த இடத்தின் மேலாகப் போகிறது. இரண்டு பக்கமும் லாபம்.

நான் வைக்கும் பயிற்சி: ஃபோர்ஹேண்டில் குறுக்கே மட்டும், வலைக்கு மேல் ஆளுயரம் வரை தூக்கி அடிப்பது. இருபது பந்து தவறாமல் போன பிறகே நேர்க்கோட்டில் ஒன்று அடிக்க அனுமதி. அந்த ஒன்றும் கோட்டுக்கு ஒரு மீட்டர் உள்ளே. நேர்க்கோட்டு அடி ஆட்டத்தின் அலங்காரம்; குறுக்கு அடிதான் அன்றாடச் சமையல் என்று ஆட்டக்காரனுக்கு உடம்பில் ஏற வேண்டும். எதிராளியின் தோளுக்கு மேல் எழும்பும் பந்து அவனைப் பின்னுக்குத் தள்ளும்போது, நாம் எதுவும் பெரிதாகச் செய்யாமலே புள்ளி நம் பக்கம் சாயும்.

பின்னுக்குப் போனவனுக்கு டிராப் ஷாட். ஆனால் அதைத் தப்பிக்கும் வழியாகப் பயன்படுத்தாதீர்கள். மூச்சு வாங்கும்போது, பேஸ்லைனுக்கு வெகு பின்னாலிருந்து போடும் டிராப் ஷாட் சோம்பலின் கையெழுத்து. உள்ளே கால் வைத்திருக்கும்போது போடுங்கள், போட்ட கையோடு முன்னால் வாருங்கள்.

கால்களுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள்

காயத்திலிருந்து திரும்புகிறவருக்குக் கை மறந்திருக்காது. கால்தான் பயந்திருக்கும். மண்ணில் சறுக்கத் தெரியாதவர் பந்தை எட்டிய பிறகு இரண்டு எட்டு கூடுதலாக ஓடிப்போய் நிற்பார்; திரும்பி வருவதற்குள் அடுத்த பந்து போய்விடும். சறுக்கல் அடிக்கு முன்பே தொடங்கி, அடிக்கும் நேரத்தில் முடிய வேண்டும். அடித்துவிட்டுச் சறுக்கினால் அது பிரேக் பிடிக்காத வண்டி.

பந்தே இல்லாமல் தொடங்குங்கள். மூன்று எட்டு வேகமாக ஓடி, முன்காலை நீட்டி, பாதத்தை முழுக்கத் தரையில் பதித்துச் சறுக்கி நில்லுங்கள். உடல் எடை தாழ்வாக, முழங்கால் மடங்கியபடி இருக்கட்டும். இரண்டு பக்கமும் நிலைத்த பிறகு, ஒருவர் உருட்டிவிடும் பந்தைச் சறுக்கிப் போய்க் கையால் பிடியுங்கள்; அதற்கும் பிறகே ராக்கெட். சறுக்கி நின்றால் முழங்காலில் திடீர் அதிர்ச்சி குறையும். ஆனால் தொடையின் உள்பக்கத் தசைக்கு வேலை கூடும். அங்கேதான் முதல் வாரங்களில் பிடிப்பு விழும். பக்கவாட்டில் காலை அகட்டி மடக்கும் லஞ்ச் பயிற்சி செய்யாமல் மண்ணில் இறங்காதீர்கள். காலணியின் அடிப்பாகம் மீன்முள் வடிவக் கோடுகளுள்ளதாக இருக்க வேண்டும். மண் அடைத்துக்கொண்டால் பிடி போய்விடும். புள்ளிக்குப் புள்ளி ராக்கெட்டால் காலணியைத் தட்டுகிறார்களே, அது ஸ்டைல் இல்லை.

திருப்பதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி. ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388. மூச்சுக்கும் தொடைக்கும் இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடைக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஏறுங்கள், இறங்காதீர்கள். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடல் எடையை முழங்கால்தான் தாங்கிப் பிடிக்கிறது. காயம் பட்ட மூட்டுக்கு அது தண்டனை. மேலே தரிசனமோ, ஒரு காபியோ முடித்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கிவிடுங்கள். வேண்டுதலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள், ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கும் பாதை அது. அங்கே ஸ்டாப்வாட்ச் வைத்து ஓடி இடித்துக்கொண்டு போவது அழகல்ல. சிறுத்தை நடமாட்டத்தால் விதிக்கப்படும் நேரக் கட்டுப்பாடுகளையும் மதியுங்கள்.

உடம்பு முழுதாகத் திரும்பும்வரை ராக்கெட்டைத் தொடக் கூடாது என்பதில்லை. ஆஸ்திரியாவின் தாமஸ் முஸ்டர் 1989இல் புளோரிடாவில் குடிபோதை ஓட்டுநர் ஒருவரின் கார் மோதி முழங்கால் தசைநார்கள் அறுந்து கிடந்தார். தனியாகச் செய்த நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே பந்தை அடித்துப் பழகினார். 1995இல் பிரெஞ்சு ஓபன் வென்றார்; அந்த ஆண்டு மண்ணில் தொடர்ந்து நாற்பது ஆட்டங்கள் வென்றார்; 1996 பிப்ரவரியில் உலகின் முதலிடம். வலி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, வலி இல்லாத இடத்தைத் தினமும் வேலை வாங்கியவர். என் பையன்களில் காலில் கட்டுப் போட்டவன்கூட ஸ்டூலில் உட்கார்ந்து சர்வீஸ் டாஸ் போட்டுப் பழகுவான்.

இரண்டாவது சர்வீஸைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்

நம்பிக்கை போனதும் முதலில் கசியும் இடம் இரண்டாவது சர்வீஸ். மண்ணில் வேகத்தால் பெரிய லாபம் இல்லை என்பதால் இதைத் திருத்த இதுவே நல்ல காலம். கிக் சர்வீஸ் மண்ணில் நன்றாக எழும்பும். அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து வலக்கை ஆட்டக்காரனின் பேக்ஹேண்டுக்கு, அவன் தோளுயரத்துக்குப் போட்டால் போதும். அவன் திருப்பி அனுப்பும் பந்து குட்டையாக வரும். அடுத்த அடி உங்கள் ஃபோர்ஹேண்ட். சர்வீஸும் அதன் பின்வரும் ஃபோர்ஹேண்டும் ஒரே அசைவு என்று நினைத்துப் பழகுங்கள்.

பயிற்சியில் முதல் சர்வீஸே கிடையாது என்று ஒரு செட் ஆடிப் பாருங்கள். தவறினால் புள்ளி போச்சு. முதல் சில நாட்கள் வதைக்கும். ஆனால் கையை மெதுவாக்கினால்தான் தவறு அதிகம், வேகமாகச் சுழற்றினால் பந்து இறங்கி உள்ளே விழும் என்பது உடம்புக்குப் புரிந்துவிடும். இங்கேயும் சோதனை தடம்தான். சர்வீஸ் பெட்டியின் பின்பாதியில் எத்தனை, முன்பாதியில் எத்தனை என்று எண்ணுங்கள்.

தண்ணீர், வெயில், பவுண்ட்

மண் கோர்ட்டை ஒரே தளமாக நினைக்கக் கூடாது. இரவு தண்ணீர் விட்ட கோர்ட் விடியற்காலையில் கனமாக, மெதுவாக இருக்கும். பந்து ஈரமண்ணை ஒட்டிக்கொண்டு எடை கூடும். எட்டரை மணிக்குமேல் மேல்தூள் காய்ந்ததும் அதே கோர்ட் வேகமெடுக்கும். ஐரோப்பாவிலும் இதே கதைதான். கடலோர மான்டி கார்லோவில் பந்து கனக்கும். கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டருக்கு மேல் இருக்கும் மாட்ரிட்டில் காற்று மெலிந்து பந்து பறக்கும். ஒரு வாரம் நன்றாக ஆடியவர் அடுத்த வாரம் தடுமாறினால் அது ஃபார்ம் போனதாக இருக்க வேண்டியதில்லை, தளம் மாறியிருக்கும். அந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் தங்களையே சந்தேகப்படுகிறார்கள்.

அதனால் ராக்கெட் நரம்பின் இழுவையைக் கையோடு மாற்றப் பழகுங்கள். மெதுவான ஈரமண்ணில் ஒன்றிரண்டு பவுண்ட் தளர்த்தினால் ஆழம் எளிதாகக் கிடைக்கும்; பந்து பறக்கும் இடத்தில் அதே அளவு இறுக்குங்கள். எத்தனை பவுண்டில், எந்த வெயிலில், தடம் எங்கே விழுந்தது என்று அதே நோட்டில் குறித்துவையுங்கள்.

தண்ணீர் விடுவதையும் உருளை இழுப்பதையும் ஒருமுறையாவது நீங்களே செய்யுங்கள். கிளப்பில் உடன் ஆடிக்கொடுக்கும் மார்க்கரிடமும் கோர்ட் பார்க்கிறவரிடமும் பேசுங்கள். எந்த மூலையில் பந்து தாழ்கிறது, எங்கே ஈரம் நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சித்தூரில் எந்தக் கோச்சைவிடவும் அந்தப் பெரியவர் எனக்குச் சொன்னது அதிகம்.

நேரத்தையும் சாப்பாட்டையும் பற்றிச் சுருக்கமாக: மே மாதத்தில் பயிற்சியைக் காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மீண்டும் மாலை ஐந்துக்குமேல். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் ராகி சங்கட்டி நல்லது, ஒரு மணி நேரத்துக்கு முன் கல். உப்புப் போட்ட மோர் கையில் இருக்கட்டும். மாம்பழம் ஆட்டம் முடிந்த பிறகு.

கீழே இறங்கி ஆடுவதில் அவமானம் இல்லை

தரவரிசைப் புள்ளிகள் 52 வாரம் கழித்து உதிர்ந்துவிடும். போன ஆண்டு இதே வாரம் வென்றதை இந்த ஆண்டும் காப்பாற்ற வேண்டும் என்ற பயம் எல்லோரையும் தின்னும். காயத்திலிருந்து திரும்புகிறவர் மண் சீசன் முடியும்வரை அந்தப் பட்டியலைப் பார்க்காமல் இருப்பது நல்லது. ஆறு மாதத்துக்குமேல் ஆட முடியாமல் இருந்தவர்களுக்கு ஏடிபியில் பாதுகாக்கப்பட்ட தரவரிசை என்ற ஏற்பாடு இருக்கிறது. அதை வைத்துப் பெரிய போட்டிகளுக்குள் நுழையலாம். ஆனால் எல்லாவற்றையும் அதில் செலவழிக்காதீர்கள். பெரிய போட்டியின் முதல் சுற்றில் வாரா வாரம் தோற்பதைவிட, ஒரு படி கீழே போய் வாரத்துக்கு மூன்று நான்கு ஆட்டம் ஆடுவது மேல். நாகலும் பிரஜ்னேஷும் மீண்டது சேலஞ்சர்களில்தான். வெற்றி என்பதைவிட, தொடர்ந்து ஆட்டம் கிடைப்பதுதான் அங்கே மருந்து.

பணக் கணக்கையும் வீட்டில் திறந்து பேசுங்கள். 2023இல் நாகல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். நாட்டின் முதல் நிலை ஒற்றையர் ஆட்டக்காரரின் நிலை அது. ஐரோப்பா போக வேண்டுமென்றால் ஒரு நகரத்தை மையமாக வைத்துக்கொண்டு ரயிலில் போய்வரக்கூடிய மூன்று நான்கு போட்டிகளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் வசதி இல்லையென்றால் உள்ளூர் மண்ணில் ஒரு நல்ல ஹிட்டிங் பார்ட்னரோடு ஆறு வாரம். அதுவும் வீண் போகாது.

தோல்விகளுக்கு நடுவில் என்ன செய்வது

குடகுக்காரர் ரோகன் போபண்ணாவுக்கு முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்து போயிருந்தது. 2021இன் தொடக்க மாதங்களில் வரிசையாகத் தோற்றபோது, நிறுத்திவிடலாமா என்று போர்ச்சுகலின் எஸ்டோரில் நகரில் கடலைப் பார்த்தபடி யோசித்ததாகப் பின்னாளில் சொன்னார். அது மண் சீசனின் நடுப்பகுதி. ஐயங்கார் யோகா அவருக்கு மூட்டு வலியைக் குறைத்தது. அடுத்த ஆண்டு, 2022இல், மட்வே மிடில்கூப்போடு ரோலண்ட் காரோஸ் இரட்டையர் அரையிறுதி ஆடினார். 2024 ஜனவரியில், 43 வயதில், இரட்டையரில் உலகின் முதலிடம்.

இதிலிருந்து "விடாமுயற்சி" என்று ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் செய்தது இன்னும் குறிப்பானது: எது வலிக்கிறதோ அதற்கு மாற்று தேடினார், தன்னால் எந்த ஆட்டம் முடியுமோ அதில் நின்றார். தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு என் பிள்ளைகள் மூன்று கேள்விக்குத்தான் பதில் எழுத வேண்டும். பந்து எவ்வளவு ஆழம் விழுந்தது? இரண்டாவது சர்வீஸ் எத்தனை தவறியது? நீண்ட ரேலிகளில் யார் அதிகம் வென்றது? மூன்றும் முன்னேறியிருந்தால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அது நல்ல நாள். மூன்றும் இறங்கியிருந்தால் வென்ற நாளிலும் அடுத்த காலை ஐந்தரைக்கு வர வேண்டும்.

புள்ளிகளுக்கு இடையே 25 நொடி உண்டு. முதல் சில நொடி திட்டவோ சிரிக்கவோ செய்யலாம். அதன் பிறகு காலணியைத் தட்டுங்கள், முதுகைத் திருப்பி மூச்சு விடுங்கள், அடுத்த சர்வீஸ் எங்கே என்று ஒரு முடிவு எடுங்கள். கேலரியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்க்காதீர்கள். அப்பாக்களுக்கும் இதே வேண்டுகோள்: தலையில் கை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கடைசியாக ஒன்று. மீட்டெடுத்த ஃபார்ம் நிரந்தரச் சொத்து அல்ல. 2024இல் 68ஆம் இடம்வரை போன நாகல் 2025இல் முதல் நூறிலிருந்து வெளியே வந்துவிட்டார். அது அவர் திறமையின் குறை இல்லை. இந்த ஆட்டத்தின் நடைமுறை. ஒவ்வொரு ஆட்டக்காரரும் வாழ்நாளில் பலமுறை இறங்குவார், பலமுறை ஏற வேண்டியிருக்கும். ஆகவே ஒரு சீசனில் கிடைத்த ரேங்கிங்கைவிட, ஏறும் முறையைக் கற்றுக்கொள்வதுதான் பெரிய வரவு. தடம் எண்ணுவது, குறுக்கே அடிப்பது, பந்தில்லாமல் சறுக்கிப் பழகுவது, இரண்டாவது சர்வீஸோடு ஒரு செட்: இந்த நான்குக்கும் கட்டணம் கிடையாது. நாளை காலை தொடங்கலாம். நோட்டு ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.